கடைசிப் பாட்டு முடிந்ததும்

மோட்டுவேக்கா
2 மார்ச் 2025

அன்புள்ள தாரு,

அரசு எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கும் இந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பாய். பிரித்துவிட்டாய் என்றால் பாதி வேலை முடிந்தது.

நீ ஆக்லாந்தில் இருக்கிறாய் என்று போன வாரம் சித்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாகவாம். அண்ணனும் தங்கையும் ஒரே நாட்டில். நான் தெற்குத் தீவில் ஆப்பிள் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன், நீ நியூ லின்னில் ஜனங்களுக்குக் காது சோதிக்கிறாய். நம்பர் கேட்டேன். "அவ தரக்கூடாதுன்னுருக்கா. விலாசம் தாரேன், எழுது. எழுதக் கூடாதுன்னு அவ சொல்லல" என்றாள். சித்தி வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். 'ஸ்லோ ஃபெரி' என்று இங்கே ஒரு பேண்ட். ஐந்து கிழவர்கள், நாற்பது வருஷமாக வாசிக்கிறார்கள். ஒரு பாட்டை எடுத்தால் அரைமணி நேரம் அதற்குள்ளேயே சுற்றுவார்கள். நேற்று போன வழியில் இன்று போகமாட்டார்கள். ராகம் தெரியாதவன் ஆலாபனை என்று அம்மா சொல்லியிருப்பாள், ஆனால் உட்கார்ந்து கேட்டிருப்பாள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒருவரையும் தெரியாமல் இருந்தபோது இவர்கள் கச்சேரிக்குத்தான் போய் நின்றேன். அன்றிலிருந்து ஊர் ஊராகப் பின்னாலேயே போகிறேன். இப்படிப் போகிறவர்களுக்குப் பயணிகள் என்று பெயர். அரசு என்றால் என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டதற்குச் சொல்லித் தொலைத்தேன். இப்போது எல்லோரும் என்னைக் கிங் என்கிறார்கள். சிரிக்காதே.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை, ஆக்லாந்து டவுன் ஹாலில் வாசிக்கிறார்கள். மாலை நாலு மணிக்கே ஆரம்பம். வாசிக்கிறவர்களும் கேட்கிறவர்களும் நேரத்தோடு தூங்கப் போகவேண்டிய வயசு. உனக்கு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். என்னோடு பேசவேண்டாம். ஒரே கூரைக்குக் கீழே நின்று கேட்டாலே எனக்குப் போதும். கடைசிப் பாட்டை மட்டும் விட்டுவிடாதே. பயணிகள் அதற்காகத்தான் வருகிறோம்.

உன் அண்ணன்,
அரசு


நியூ லின்
16 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

டிக்கெட் வந்தது.

நம்பர் தராததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். உன் சிரிப்பு அம்மாவின் சிரிப்பு. போனில் நீ ஒரு தடவை சிரித்தால் நான் எதற்காகக் கோபமாக இருக்கிறேன் என்பது மறந்துபோகும். மறக்க நான் தயாராக இல்லை. எழுத்தில் நீ சிரிப்பது கேட்காது.

கொரோனாவில் எல்லை மூடியிருந்தது, உன்னால் வர முடியவில்லை. அம்மா போன அந்த மே மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை எடுத்துச் சொன்னவள் நான்தான். அதில் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை இருக்கப் பெண் கொள்ளி வைப்பதா என்று பெரியப்பா முணுமுணுத்தார், அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றுதான். சித்தி போனில் வீடியோ போட்டு உன்னைப் பிடித்து வைத்திருந்தாள். நெருப்பை வாங்கியபோது நான் திரும்பி, அண்ணா இருக்கானா என்று கேட்டேன். லைன் கட்டாயிட்டு என்றார்கள். அன்று இரவுவரை நீ திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டாய், நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

உன் கச்சேரிக்கு வருகிறேன். தனியாக வருவேன். என்னைத் தேடாதே, திரும்பிப் பார்க்காதே. கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு ஒன்றும் காதில் ஏறாது. கேட்டு முடித்தபின் உன்னோடு பேச முடியும் என்று தோன்றினால், கடைசிப் பாட்டு முடிந்ததும் இடதுபக்க வாசலில் நிற்பேன். நான் அங்கே இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள். பதிலுக்குக் காரணம் கேட்டு எழுதாதே.

தாரிணி


நியூ லின்
13 ஏப்ரல் 2025

அண்ணா,

நான் வந்தேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

வாசலிலேயே ஒரு பெண்மணி, அறுபதைத் தாண்டியவள், ஒரு பையிலிருந்து ஃபீஜோவா பழங்களை எடுத்து வருகிறவர்கள் கையிலெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டு மரத்தில் காய்த்துக் கொட்டுகிறதாம். முதல் தடவையா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியதும் செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு ஆடப் போனாள், பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. கச்சேரி முழுவதும் முன்பின் தெரியாத ஒருத்தியின் செருப்புக்குக் காவல் நின்றேன். கோயில் வாசலில் நின்றமாதிரிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

உன் கிழவர்கள் வாசித்ததில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. வேலைப் பழக்கத்தில் காதில் அடைப்பான் வேறு வைத்திருந்தேன். நீளமாகப் போய், வழி தவறி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல ஓரிடத்தில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் ட்ரம்ஸை மட்டும் வாசித்தபோது பாதிக் கூட்டம் பியர் வாங்கப் போனது. தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காப்பிக்குப் போகும் பாளையங்கோட்டை மாமாக்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பாடகர் ஒரு வரியை மறந்துவிட்டார். உனக்கு நினைவிருக்கும். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அம்மா கடைசி வருஷத்தில் இப்படித்தான் சாகித்யம் மறந்து நிற்பாள். பாட்டு கற்க வந்த பெண்கள் தரையைப் பார்ப்பார்கள், நானும் தரையைப் பார்ப்பேன். இங்கே யாரும் தரையைப் பார்க்கவில்லை. மொத்த அரங்கமும் அந்த வரியை எடுத்துப் பாடியது. திருத்துகிறமாதிரி இல்லை, அது அவர்களுடைய முறை என்கிறமாதிரி பாடினார்கள். அவர் மைக்கை விட்டு நகர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஏன் நான் ஒருநாள்கூட அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை. அப்போதே முடிவுசெய்துவிட்டேன், வாசலில் நிற்பதென்று.

கடைசிப் பாட்டு மெதுவாக, வணங்கி விடைபெறுகிறமாதிரி இருந்தது. முடிந்ததும் ஐந்து பேரும் கைகோத்துக் குனிந்துவிட்டு உள்ளே போனார்கள். செருப்புக்காரிக்குத் தலையசைத்துவிட்டுப் பையை எடுத்தேன். அவள் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். நானும் கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இடதுபக்க வாசலில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே கை தட்டிக் காலால் தரையை இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கூட்டம் கலைவதற்காக ஏதோ ரெக்கார்டைப் போட்டார்கள். ஒரு ஜோடி வந்தது, ரயிலைப் பிடிக்க ஓடியது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். நீ வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் என் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். கடைசியில் அதற்கே வெட்கப்பட்டு, அந்த ரெக்கார்டு முடியும் முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நீ ஆக்லாந்துக்கே வராமல் இருந்திருக்கலாம். வந்து, என்னைப் பார்த்துவிட்டு வேறு வாசல் வழியாகப் போயிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அன்றைக்குப் போனில், இன்றைக்கு வாசலில். மூன்றாவது முறைக்கு நான் இல்லை.

தாரிணி


மோட்டுவேக்கா
14 ஏப்ரல் 2025

அன்புள்ள தாரு,

காரணம் கேட்டு எழுதாதே என்றாய். கேட்கவில்லை. இது விடைபெறும் கடிதம், அவ்வளவுதான்.

நீ சொன்னபடி உன்னைத் தேடவில்லை. கச்சேரி முழுக்க ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இன்றைக்கும் கழுத்து ஒரு பக்கமாகத்தான் நிற்கிறது. லின்ஃபீல்டில் மரே என்று ஒரு நண்பர், பழைய பயணி, அவர் வீட்டில்தான் தங்கினேன். தங்கை வந்திருக்கிறாள் என்று அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் எனக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிரயோஜனமில்லாமல். உன்னை அவருக்கு அடையாளம் தெரியாதே.

கடைசியில் எடுத்த அந்த நீளமான பாட்டைக் கேட்டிருந்தால், அது ஒன்றுக்காகவே நான் உன்னைக் கூப்பிட்டேன் என்று தெரிந்திருக்கும். நடுவில் எல்லாக் கருவியும் ஓய்ந்து பாஸ் கிட்டார் மட்டும் ஒற்றையாக நின்றதே, அங்கே நான் அழுதேன். மரேயும் அழுதார். பாட்டு முடிந்து விளக்குப் போட்டதும் இடதுபக்க வாசலுக்கு ஓடினேன். வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தேன். உன் தங்கை எப்படி இருப்பாள் என்று மரே கேட்டார். சொல்லத் தெரியவில்லை, தாரு. நான் கடைசியாகப் பார்த்தது ஏழு வருஷத்துக்கு முந்தைய உன்னை. நீ இப்போது கண்ணாடி போடுகிறாயா? முடியை வெட்டிக்கொண்டாயா? தமிழ் முகமாக ஒன்று வந்தால் போதும் என்று நின்றேன். வேலைக்காரர்கள் வந்து கதவைச் சாத்தவேண்டும் என்றார்கள்.

நீ இல்லையென்றால் அதுவே பதில் என்று எழுதியிருந்தாய். எடுத்துக்கொண்டேன். உன்மேல் வருத்தமில்லை. இனிக் கடிதம் போட்டு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். குளிர் வருகிறது, வீட்டில் ஹீட்டர் ஒழுங்காக இருக்கிறதா பார்த்துக்கொள்.

அரசு


நியூ லின்
27 ஏப்ரல் 2025

அண்ணா,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ குழம்பிப்போயிருப்பாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் உன்னைப் பொய்யன் என்று நினைத்தேன். எந்த நீளமான பாட்டு? பாஸ் கிட்டார் ஒற்றையாக எப்போது நின்றது? நான் அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லையே.

எங்கள் கிளினிக் வரவேற்பில் யுவனேஸ்வரி என்று ஒரு பெண். மலேசியா, ஈப்போக்காரி. என் சொந்தக் கதையை நான் வேலையிடத்தில் சொல்கிறவள் இல்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிடும்போது, கச்சேரி முடிந்தபிறகு ஹாலில் ரெக்கார்டு போடுவார்களா என்று மட்டும் கேட்டேன். விவரம் கேட்டாள், சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது ரெக்கார்டு இல்ல லா. அவங்க சும்மா உள்ள போவாங்க. நாம கத்தணும், திரும்பி வந்து வாசிப்பாங்க. அதான் மெயின். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கச்சேரி முடிந்தது என்று கைகோத்து வணங்கிவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் காந்திமதி டீச்சர் பெண். மங்களம் பாடியாகிவிட்டால் எழுந்துவிடவேண்டும். அதற்குமேல் ஒரு சுரம் பாடக்கூடாது, பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்தாலும் தொடையில் கிள்ளு விழும். அந்த மெதுவான பாட்டை நான் மங்களம் என்று எடுத்துக்கொண்டேன். பையை எடுத்தேன். 'போகாதே' என்று கையை ஆட்டியவளுக்கு டாட்டா காட்டிவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே அவர்கள் நேரில் வாசித்ததை வாசலில் நின்று ரெக்கார்டு என்று நினைத்தவள், மற்றவர்களுக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சம்பளம் வாங்குகிறாள். யுவனேஸ்வரி சாயங்காலம்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

தப்பு எனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதே. நீயும் அதே கிள்ளு வாங்கி வளர்ந்தவன்தான். 'கடைசிப் பாட்டு' என்று எனக்கு எழுதும்போது, நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவ்வளவு காலம் ஆகிவிட்டதா உனக்கு?

சிரித்து முடித்தபின் தூக்கம் போய்விட்டது. வாசலில் நின்றபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை அண்ணா. நீ வரவில்லை என்பது அந்த மழையைப்போல நிச்சயமாக இருந்தது. நீயோ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாய். நாலு வருஷமாக நான் அதே நிச்சயத்தோடு இன்னொரு விஷயத்தையும் வைத்திருக்கிறேன். இதுவரை அதைப் பற்றி உன்னைக் கேட்டதில்லை, சொல்லத்தான் செய்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன். அன்றைக்கு, நான் திரும்பிக் கேட்டபோது, நீ எங்கே இருந்தாய்?

என்ன பதிலாக இருந்தாலும் எழுது. கண்ணாடி போடுகிறேன். முடி வெட்டவில்லை.

தாரு


மோட்டுவேக்கா
4 மே 2025

அன்புள்ள தாரு,

மங்களம் என்று படித்ததும் தொடையைத் தடவிக்கொண்டேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இந்தக் கச்சேரிகளுக்குப் போய்ப் போய்க் கடைசி என்ற சொல்லே எனக்கு வேறாகிவிட்டது. மரேயிடம் போன் போட்டுச் சொன்னேன். நாற்பது வருஷத்தில் பேண்ட் திரும்பி வரும் என்று நம்பாத முதல் பயணி என் தங்கைதான் என்கிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதைச் சொன்னால் சாக்குச் சொல்கிறமாதிரி இருக்கும் என்று சொல்லாமலே இருந்தேன்.

லைனில்தான் இருந்தேன், தாரு.

ஆப்பிளைப் பெட்டியில் அடைக்கிற பேக்ஹவுஸ் வாசலில் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருந்தேன். சித்தி போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாள். அது சரிந்து மல்லாந்துவிட்டது. எனக்குத் தகரக் கூரையும் அவள் சேலைத் தலைப்பும்தான் தெரிந்தன. சத்தம் எல்லாம் கேட்டது. விறகு அடுக்குகிற சத்தம், பெரியப்பாவின் இருமல். "அண்ணா இருக்கானா?" என்று நீ கேட்டது கேட்டது. "கட்டாயிட்டு" என்று யாரோ சொன்னார்கள். திரையில் என் படம் அசையாமல் நின்றதால் அப்படி நினைத்திருப்பார்கள். நான் "இருக்கேன், ஏட்டி, இருக்கேன்" என்று கத்தினேன். உங்கள் பக்கம் சத்தம் வரவில்லை. நீ இரண்டாம் தடவை கேட்கவில்லை. பேக்ஹவுஸிலிருந்து ஆட்கள் ஓடிவந்து கார் கண்ணாடியைத் தட்டினார்கள்.

துண்டித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நேரம் விரல் வரவில்லை. துண்டித்தால் திரும்பக் கிடைக்காதோ என்று பயம். கொள்ளி வைத்ததும் எல்லோரும் நடந்ததும் எனக்குக் கேட்டது. ஒருவரும் வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் இருந்தீர்கள், அதுவும் கேட்டது. பிறகு சித்தியின் போன் தானாக அணைந்தது. உன் போனுக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப் என்றது.

அன்று சாயங்காலம் அந்த நீளமான பாட்டைத்தான் போட்டுக் கேட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாஸ் கிட்டார் தனியாக நிற்கிற இடத்தில் உங்கள் எல்லோருடைய மௌனமும் மறுபடி கேட்டது. அங்கே நீயும் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்குத்தான் டிக்கெட்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை ஆக்லாந்து வருகிறேன். விமானம் காலையிலேயே வந்துவிடும். பஸ்ஸும் ரயிலும் பிடித்து உன் வீட்டுக்கு எப்போது சேருவேன் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் அதற்குள் ஒரு வரி எழுது. எழுதவில்லை என்றால் கதவைத் தட்டுவேன். மரேயின் ரெக்கார்டிங்கைக் கொண்டுவருகிறேன், உட்கார்ந்து கேட்போம்.

உன் அண்ணன்,
அரசு


சனிக்கிழமை

அண்ணா,

பால் தீர்ந்துவிட்டது. தெருமுனை டெய்ரிக்குப் போயிருக்கிறேன். இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதே. கதவைப் பூட்டவில்லை, தள்ளினால் திறக்கும். செருப்பை உள்ளேயே கழற்றிப் போடு, வெளியே விட்டால் நனைந்துவிடும். ஹீட்டர் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போட்டுக்கொள்.

வழியில் யாராவது பிடித்துக்கொண்டால் தாமதமாகும். ஆனால் வருவேன். உட்கார்ந்திரு.

தாரு